டெல்ஃப்ட் துறைமுக ஓவியத்தைப் பார்த்து வரைதல்: ஊர் ஏன் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது?

செல்லூர் சித்திரம்

எல்லாருக்கும் வணக்கம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர், தன் ஊரான டெல்ஃப்டை வரைஞ்ச நகரக் காட்சியை ஆயில்ல பார்த்து வரைஞ்சுட்டு இருக்கேன். 16×20 இன்ச் கேன்வாஸ். வானம், ஊர், தண்ணி, முன்னாடி மணல் கரை நாலுக்கும் முதல் பூச்சு முடிஞ்சுது. மூணு கோளாறு இருக்கு, வழி சொல்லுங்க.

1. ஊரை வெட்டி ஒட்டின மாதிரி தெரியுது. தண்ணிக்குள்ள இறங்கி நிக்காம மேல மிதக்குது.
2. வானம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துப் போகுது.
3. வலது பக்கம் இருக்கற இரட்டைக் கோபுர வாசல் மூலத்தை விடக் குண்டா வருது.

மாதிரிக்கு ஃபோன்ல இருக்கற படத்தைத்தான் பார்க்கிறேன். எண்ணெய், டர்பன்டைன் கலக்கற கணக்கும் தெரிஞ்சா நல்லாருக்கும்.

பேனர்க்கலை

தம்பி, மூணாவது கோளாறு உங்க கையில இல்ல, கேன்வாஸ்ல இருக்கு. மூல ஓவியம் 96.5 செ.மீ. உயரம், 115.7 செ.மீ. அகலம். வகுத்துப் பாருங்க, 1.2 வரும். உங்க 16×20 கேன்வாஸ் 1.25. முழுப் படத்தையும் அதுக்குள்ள அடைச்சா எல்லாமே 4 சதவீதம் அகலமாயிடும். மேகத்துலயும் மரத்துலயும் அது தெரியாது. கோபுரத்துல உடனே தெரியும்.

கடையில சாதாரணமா கிடைக்கிற அளவுல 10×12, 20×24 ரெண்டும் சரியா 1.2 தான். இந்த ஓவியத்துக்குன்னே அளவெடுத்த மாதிரி. 10×12ல ஒரு இன்ச் கட்டம், 20×24ல ரெண்டு இன்ச் கட்டம். ரெண்டுலயும் 120 கட்டம்தான் வரும், அதனால சின்னதுல பழகிட்டு பெருசுக்குப் போறதும் சுலபம். இப்ப இருக்கற கேன்வாஸை வீணாக்க வேண்டாம். வலது ஓரத்துல 0.8 இன்ச் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைச்சிட்டு, மீதி 19.2 இன்ச்சுக்குள்ள கோபுரங்களை மறுபடி குறிங்க.

கட்டம் போடறதுல ரெண்டு விஷயம். பென்சில் கோடு மெல்லிசான ஆயில் பூச்சுக்கு அடியில பல வருஷம் கழிச்சும் எட்டிப் பார்க்கும். சட்டத்தோட நாலு பக்கமும் குண்டூசி குத்தி, கறுப்புத் தையல் நூலை இழுத்துக் கட்டுங்க. குறிச்சு முடிச்சதும் அவுத்துடலாம். சினிமா பேனருக்குக் கட்டம் போட்ட அதே கணக்குதான், நூல் மட்டும் கூடுதல். ரெண்டாவது, எல்லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி நுணுக்கமா நிரப்பாதீங்க. வானத்துக்குக் கட்டமே வேண்டாம், மேகத்தோட பெரிய வளைவுகள் போதும். கூரை வரிசை ஓடற கட்டங்களை மட்டும் நாலா உடைங்க. அங்கதான் கால் இன்ச் தப்பு ஊரையே சாய்ச்சுடும்.

அப்புறம், தண்ணி ஊரைத் தொடற இடத்துல படகு, கரை, நிழல்னு விளிம்பு மேலயும் கீழயும் ஓடும். அதோட போனா தண்ணிக் கோடு வளைஞ்சுடும். முதல்ல ஸ்கேல் வெச்சு ஒரே ஒரு மட்டக்கோடு போட்டுட்டு, விளிம்பை அதுல இருந்து அளந்து வைங்க. குளத்துத் தண்ணி சாஞ்சு நிக்காது.

வைகைக்கரையான்

ஊர் மிதக்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் கோடு இல்ல தம்பி, இருட்டு. அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

அந்த ஓவியத்துல ஒளி எங்க விழுதுன்னு முதல்ல பாருங்க. மேல ஒரு கருமேகம். அதோட நிழல் முன்வரிசைக் கட்டடங்க மேல விழுது. மதில், கடிகாரம் வெச்ச ஸ்கீடாம் வாசல், வலப்பக்கம் ராட்டர்டாம் வாசல் எல்லாம் நிழல்ல. வெயில் அடிக்கிறது பின்னாடி. உள்ளூர்க் கூரைகளும் புதிய தேவாலயத்தோட கோபுரமும்தான் மஞ்சளாப் பளிச்சுனு நிக்குது. பழக்கத்துல நாம முன்னாடி இருக்கறதைத் தெளிவாவும் பின்னாடி இருக்கறதை மங்கலாவும் வரைவோம். இங்க அது தலைகீழ். முன்வரிசையில செங்கலையும் ஜன்னலையும் எண்ணி எண்ணி வெளிச்சமாக்கினா நிழல் பட்டை உடைஞ்சுடும். பட்டை உடைஞ்சா ஊருக்கு எடை போயிடும், மிதக்கும்.

அதனால வண்ணத்தைத் தொடுறதுக்கு முந்தி ஒரு போஸ்ட்கார்டு அளவுல கறுப்பு வெள்ளைக் குறிப்பு ஒண்ணு போடுங்க. சுத்த வெள்ளை 1, சுத்தக் கறுப்பு 10னு வெச்சுக்குங்க. தோராயமா, ஒளி பட்ட மேகம் 2, நீல வானம் 4, மேல் ஓரக் கருமேகம் 5 அல்லது 6, வெயில் பட்ட பின்கூரை 3, நிழல்ல இருக்கற முன்வரிசை 8, அதோட பிரதிபலிப்பு 7, மணல் கரை 4. கண்ணைச் சுருக்கிப் பார்த்தா ஜன்னல், படகு, ஆள் எல்லாம் கரைஞ்சு, குறுக்கே ஒரு கரும்பட்டை மட்டும் நிக்கணும். நிக்கலைன்னா நுணுக்கத்துக்குப் போகவே போகாதீங்க.

இந்தப் பட்டையும் அதோட பிரதிபலிப்பும் ஒரே உட்காரல்ல வரையப்படணும். ஊரை ஒரு வாரம், தண்ணியை அடுத்த வாரம்னு பிரிச்சா நடுவுல ஒரு கூர்விளிம்பு காய்ஞ்சு நின்னுடும். நீங்க சொல்ற வெட்டி ஒட்டின தோற்றம் அதுதான். மேல வெச்ச கலவை ஈரமா இருக்கும்போதே உலர்ந்த பட்டைத் தூரிகையால தண்ணிக்குள்ள நேர் கீழ இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைத் துணியில துடைக்கணும். பிறகு படுக்கைவசமா நாலைஞ்சு கீற்று, அதுக்கு மேல வேண்டாம்.

எண்ணெய்க் கணக்கு: முதல் பூச்சுக்கு லின்சீட் (ஓவியத்துக்கான ஆளி விதை எண்ணெய்) ஒரு பங்கு, டர்பன்டைன் மூணு பங்கு. ரெண்டாவதுக்குச் சரிபாதி. கடைசிக்கு லின்சீட் ரெண்டு, டர்பன்டைன் ஒண்ணு. மேல போகப் போக எண்ணெய் கூடணும். மாத்திச் செஞ்சா அடி ஈரமா இருக்க மேல் முதல்ல இறுகி வெடிப்பு விடும். செக்குல ஆட்டின சமையல் ஆளி விதை எண்ணெய் வேண்டாம், அது ஓவியத்துக்காகச் சுத்தம் பண்ணினது இல்ல. மஞ்சளாகும், மெதுவாத்தான் காயும். மண்ணெண்ணெயைத் தூரிகை கழுவக்கூட எடுக்காதீங்க, பிசுக்கு நிக்கும். லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. அது தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல இது வெறும் பயமுறுத்தல் இல்ல. தண்ணி வாளியில முக்கி எடுத்து, வெளியில விரிச்சுக் காயப்போடுங்க.

செல்லூர் சித்திரம்

நன்றிண்ணே. ஊரை முடிச்சு பத்து நாள் கழிச்சுத்தான் தண்ணி போட்டேன், தப்பு புரியுது. காய்ஞ்சதை எப்படிச் சரி பண்றது? இன்னொண்ணு, பிரதிபலிப்பு எவ்வளவு நீளம் வரணும்? மேல இருக்கற உயரத்தையே கீழ அளந்து வெச்சா சரியா?

திருநகர் தூரிகை

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது.

அசையாத நீரில், நீர்விளிம்பிலேயே நிற்கும் சுவரின் பிரதிபலிப்பு அதே உயரம்தான். ஆனால் விளிம்பிலிருந்து தள்ளி நிற்கும் கட்டடத்தை அது நிற்கும் தரையிலிருந்து அளக்கக் கூடாது. நீர்மட்டம் அதற்கு அடியிலும் நீண்டு போவதாகக் கற்பனை செய்து, அந்த மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்தால் அதன் அடிப்பகுதியின் பிரதிபலிப்பைக் கரை மறைத்துவிடும், உச்சி மட்டுமே நீரில் தெரியும். பின்னால் ஒளிரும் தேவாலயக் கோபுரத்தை அப்படியே கவிழ்த்து முழுசாகத் தண்ணீரில் இறக்கும் நகல்கள் நிறைய உண்டு. அது தவறு.

சிற்றலை இருந்தால் கணக்கு மாறும். ஒவ்வொரு அலைமுகமும் சற்றே சாய்ந்த கண்ணாடி. அதனால் பிரதிபலிப்பு பார்ப்பவரை நோக்கிக் கீழே நீளும், பக்கவாட்டில் அவ்வளவாக விரியாது. வெர்மீர் இதைத் தன் கண்ணுக்கு ஏற்ப இன்னும் நீட்டியிருக்கிறார். முதலில் இரட்டைக் கோபுரங்களின் பிரதிபலிப்பைச் சுருக்கமாக, தெளிவான விளிம்போடு வரைந்தவர், பிறகு படத்தின் கீழ் ஓரம் வரை இழுத்துவிட்டார். ஓவியத்தை எடுத்த எக்ஸ்ரே படங்களில் அது தெரிந்திருக்கிறது. மிதக்கும் ஊருக்கு அவர் கண்ட மருந்தே அதுதான். ஊரைக் கரைவரை கொண்டு வந்து கட்டிப்போடும் கயிறு அந்தக் கருநிழல்.

இன்னொரு விதி: நீரில் கருமை சற்று வெளுக்கும், வெளுப்பு சற்றுக் கருக்கும். மேலே 8 என்றால் கீழே 7, மேலே 3 என்றால் கீழே 4. மேலே போட்ட அதே கலவையைக் கீழே வைத்தால் தண்ணீர் தெரியாது, தலைகீழான ஊர்தான் தெரியும்.

உங்கள் கேன்வாஸில் காய்ந்துபோன பகுதிக்கு: நீர்விளிம்பில் விரல் வைத்தால் மேடு தட்டுகிறதா பாருங்கள். தட்டினால், பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, பேலட் கத்தியைப் படுக்கவைத்துச் சீவுங்கள். உப்புத்தாள் போட்டால் முகமூடி கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தபடியே தேய்க்க வேண்டும். தூசி மூக்குக்குள் போகக் கூடாது. பிறகு துணியில் ஒரு துளி லின்சீட் தொட்டு அந்தப் பட்டை முழுவதும் தடவித் துடைத்துவிட்டு, விளிம்புக்கு மேலே ஒரு இன்ச்சும் கீழே ரெண்டு இன்ச்சும் சேர்த்து ஒரே நேரத்தில் மறுபடி போடுங்கள்.

நீலமணி

வானம் வெளுக்கறதுக்கு டைட்டானியம் ஒயிட்தான் காரணம். வெர்மீர் கையில இருந்தது ஈய வெள்ளை. அது கொஞ்சம் கதகதப்பா, பாதி ஊடுருவற மாதிரி இருக்கும். டைட்டானியம் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. குளிர்ச்சியானது, மூடும் சக்தி ரொம்ப ஜாஸ்தி. நீலத்துல கொஞ்சம் விழுந்தாலே சுண்ணாம்பாயிடும். ஈய வெள்ளையைத் தேடிப் போகாதீங்க, அது விஷம். டைட்டானியத்தையே இப்படிப் பழக்குங்க: ஒரு எலுமிச்சங்காய் அளவு வெள்ளைக்கு மிளகளவு எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) சேர்த்துக் குழைச்சு, அதையே படம் முழுக்க வெள்ளையா வெச்சுக்குங்க. ட்யூப்ல இருந்து நேரா வெள்ளையை எடுக்கவே வேண்டாம்.

நீலத்தை முதல்ல சாம்பலாக்கணும். அல்ட்ராமரின் நீலம் ஒரு சுண்டைக்காய் அளவு, ரா அம்பர் (மண் பழுப்பு) மிளகளவு. இந்தக் கருநீலத்தைக் கடுகு கடுகா வெள்ளைக்குள்ள விடுங்க. நீலத்துல வெள்ளையை விட்டா அடக்க முடியாமக் கலவை பெருகும், ட்யூப்பும் காலியாகும்.

பிரஷ்யன் ப்ளூ பெட்டியில இருந்தா தள்ளி வைங்க. அது 18ஆம் நூற்றாண்டுல வந்தது, வெர்மீர் 1675லயே போயிட்டாரு. ஓவியத்துல இருக்கறது லாபிஸ்ங்கற அசல் நீலக் கல்லுல அரைச்ச அல்ட்ராமரின். நமக்குச் செயற்கை அல்ட்ராமரின் போதும். ஈயமும் தகரமும் சேர்ந்த அவரோட மஞ்சளுக்கு, லெமன் எல்லோ நாலு பங்கு, நம்ம வெள்ளை மூணு, ஓக்கர் ஒண்ணு. கூரைச் சிவப்புக்கு வெர்மிலியனும் பர்ன்ட் சியன்னாவும்.

ஐவரி பிளாக்கை அடிப்பூச்சுல போடாதீங்க. ரொம்ப மெதுவாக் காயும், மேல போட்டது வெடிக்கும். கரும்பட்டைக்கு அல்ட்ராமரினும் ரா அம்பரும் சரிபாதி போதும். அம்பர்ல மாங்கனீசு இருக்கறதால சீக்கிரம் காயும், அடிக்கு அதுதான் தோது.

மாதிரிக்கு ஃபோன் வேண்டாம். வெளிச்சம் தானாக் கூடிக் குறையும், கண்ணு ஏமாறும். ஓவியம் இருக்கற மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகமே பெரிய அளவுப் படத்தை இலவசமாத் தருது. மேட் பேப்பர்ல ஏ3 அளவுக்கு ரெண்டு பிரிண்ட் எடுங்க, ஒண்ணு கலர், ஒண்ணு கறுப்பு வெள்ளை. பளபள பேப்பர் எடுத்தா ட்யூப்லைட் அதுல அடிச்சு இருட்டுப் பகுதி எதுவும் தெரியாது.

அக்ரிலிக் அன்பன்

நீலமணி அக்கா சொன்னதை ஏத்துக்கறேன். ஆனா பழகறவங்களுக்கு ஆயில் அவசியமா? ஒவ்வொரு பூச்சுக்கும் வாரக்கணக்குல காத்திருந்தா கை ஆறிப்போயிடும். அக்ரிலிக்ல ஒரே நாள்ல மூணு அடுக்கு போட்டு, தப்பு எங்கன்னு அன்னைக்கே பார்த்துடலாம். 10×12ல மூணு தடவை வரைஞ்சா 20×24ல ஒரு தடவை வரைஞ்சதை விடக் கத்துக்கலாம்.

மதுரை வெயில்ல அக்ரிலிக் தட்டுலயே காயுதுங்கறது உண்மை. அதுக்கு, மூடி இருக்கற தட்டையான டிஃபன் டப்பாவுல நனைச்சுப் பிழிஞ்ச பருத்தித் துணியை விரிச்சு, அதுக்கு மேல பட்டர் பேப்பர் போட்டு அதுல கலக்குங்க. மூடி வெச்சா மறுநாள் வரைக்கும் தாங்கும். வேலை செய்யும்போது ஃபேன் நேரா அடிக்கக் கூடாது.

வைகைக்கரையான்

அன்பன் தம்பி சொல்றதுல பாதி சரி. கறுப்பு வெள்ளைக் குறிப்புக்கும் அடிப்பூச்சுக்கும் அக்ரிலிக் நல்லா உதவும். கேன்வாஸுக்கு அடியில பூசற வெள்ளை ஜெஸோ மேல ரா அம்பர், ஓக்கர் கலந்த இளம்பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணியாப் பூசிட்டு அதுக்கு மேல ஆயில்ல போகலாம். ஆயில் மேல அக்ரிலிக் மட்டும் போடவே கூடாது, உரிஞ்சு வரும். ஆனா அந்தத் தண்ணி இருக்கே, அதை அக்ரிலிக்ல கத்துக்க முடியாது. ஈரத்துல ஈரத்தை இழுக்கறதுதான் அதோட உயிர். அக்ரிலிக் அதுக்கு ரெண்டு நிமிஷம்கூடத் தராது. தண்ணியைக் கத்துக்கத்தான் இந்த ஓவியத்தையே எடுக்கிறோம்.

அக்ரிலிக் அன்பன்

காயறதைத் தாமதப்படுத்தற ரிடார்டர் சேர்த்தா இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும்ணே. ஆனா நீங்க சொல்ற இழுப்பு அவ்வளவு மிருதுவா வராதுங்கறதை ஒத்துக்கறேன்.

பேனர்க்கலை

இனி நுணுக்கத்துக்கு வருவோம். ரெண்டே இடம், ரெண்டுலயும் எல்லாரும் கெடுத்துக்கறாங்க.

ஒண்ணு, இடது பக்கம் சிவப்பு ஓட்டுக் கூரை. அது வழவழன்னு இல்ல, சொரசொரன்னு இருக்கு. ஓடு ஓடாக் கோடு கிழிச்சு வந்த சொரசொரப்பு இல்ல அது. அடியில பரபரப்பான ஒரு அடுக்கு, அதுக்கு மேல மெல்லிசாச் சிவப்பு. நமக்கு வெள்ளைக் கோலப்பொடி போதும். சாயமும் சுண்ணாம்பும் கலக்காத கல்பொடியாக் கேட்டு வாங்குங்க. மல் துணியில சலிச்சு, ஜெஸோ நாலு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் கலந்து, கூரை வர்ற இடத்துல மட்டும் பழைய தூரிகையால குத்திக் குத்தி வைங்க. வர்ணம் ஏறுறதுக்கு முந்தியே இதைச் செய்யணும். நல்லாக் காய்ஞ்சதும் வெர்மிலியன், சியன்னா கலவையைத் தூரிகையில கொஞ்சமா எடுத்து, படுக்கவெச்சு இழுங்க. மேட்டுல மட்டும் சிவப்பு பிடிக்கும், பள்ளத்துல அடிப்பழுப்பு நிக்கும். ஒரு கோடுகூடப் போடாம ஓடு வந்துடும்.

ரெண்டு, வலது பக்கம் கட்டியிருக்கற ஹெர்ரிங் மீன்படகு. அதோட நிழல் பக்கத்துல வெளிர் புள்ளிகள் தெறிச்சிருக்கும். நிழல்ல அப்படி மினுமினுப்பு வர்றதுக்கு நியாயம் இல்லன்னு பலரும் சொல்லியிருக்காங்க. இருட்டறைப் பெட்டியில (கேமரா அப்ஸ்க்யூரா), லென்ஸ் வழியா மங்கலா விழற பிம்பத்தோட அதைச் சேர்த்துப் பேசுறவங்களும் உண்டு. காரணம் எதுவா இருந்தாலும், அந்தப் புள்ளிகள் இல்லைன்னா படகு செத்த கட்டை. அதை வைக்கறதுக்குத் தூரிகை நுனியை விட, மழுக்கின பல்குச்சி நல்லது. வெள்ளையும் ஓக்கரும் வெண்ணெய்ப் பதத்துல, எண்ணெய் சேர்க்காம. குச்சியை நேர் குத்தலா வெச்சு நேர் மேல எடுங்க. இழுத்தா புள்ளி வால் முளைச்சு மழைத்துளி ஆயிடும். 20×24ல ஒரு புள்ளி கேழ்வரகு அளவு தாண்டக் கூடாது. மரத்துலயும் கூரையிலயும் மணல்லயும் வாரி இறைச்சா படகுக்கு இருந்த மதிப்பு போயிடும்.

கை நடுங்கினா ஒரு மூங்கில் குச்சியோட முனையில துணிப்பந்து கட்டி, சட்டத்து மேல சாய்ச்சு, மணிக்கட்டை அதுல ஊனிக்குங்க. போர்டு எழுதறவங்க எல்லாரும் வெச்சிருப்பாங்க.

திருநகர் தூரிகை

மனிதர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. முன்கரையில் நிற்பவர்களின் தலைகள் எல்லாம் தொடுவானக் கோட்டுக்கு மிகவும் கீழே இருக்கின்றன. ஓவியர் உயரமான இடத்திலிருந்து பார்க்கிறார் என்று அதற்குப் பொருள். அவர்களைச் சற்றே பெரிதாக்கினாலும் கரை நம் காலடிக்கு வந்துவிடும், நீர் குறுகிப்போகும். வலப்புறம் கரையில் முதலில் ஓர் ஆணையும் வரைந்து, பிறகு வெர்மீரே அவரை மறைத்துப் பூசிவிட்டார். வெறுமையாக விட்ட அந்த மணலைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள்.

செல்லூர் சித்திரம்

விளிம்பைச் சீவிட்டு, மேல ஒரு இன்ச், கீழ ரெண்டு இன்ச் சேர்த்து ஒரே உட்காரல்ல போட்டேன். ஊர் இறங்கிடுச்சு. டேப் ஒட்டினதும் கோபுரமும் சரியாச்சு. வானத்துக்கு ஓக்கர் கலந்த வெள்ளையை இந்த வாரம் போடறேன்.

இந்த நகல் முடிஞ்சதும் இதே முறையில வண்டியூர் தெப்பக்குளத்தை வரையலாம்னு இருக்கேன். எந்தக் கரையில, எந்த நேரத்துல நிக்கணும்?

வைகைக்கரையான்

நல்ல யோசனை. தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645ல வெட்டினது. வெர்மீர் டெல்ஃப்டை வரைஞ்சது 1660, 61 வாக்குல. ஒரே தலைமுறைத் தண்ணின்னு வெச்சுக்கலாம். டெல்ஃப்டோட அந்த ரெண்டு வாசலையும் 19ஆம் நூற்றாண்டுல இடிச்சுட்டாங்க, நம்ம மைய மண்டபம் நிக்குது.

வெர்மீர் ஊருக்குத் தெற்கே நின்னு வடக்கே பார்க்கிறார். காலை வெளிச்சம் வலது கைப் பக்கம், கிழக்குல இருந்து வருது. நீங்களும் தென்கரையில நின்னு வடக்கே பாருங்க, காலை ஏழரைக்குள்ள. எட்டரை தாண்டினா நம்ம வெயில் மேல ஏற ஏற, நிழலெல்லாம் சுருங்கித் தட்டையாயிடும். ஐப்பசி, கார்த்திகையில கருமேகம் நகரும் நாள் கிடைச்சா விடாதீங்க. மண்டபம் நிழல்ல, பின்னாடி வடகரை மரமும் மாடியும் வெயில்ல வர்ற நிமிஷம் ஒண்ணு வரும். அப்ப வண்ணம் எடுக்காதீங்க. போஸ்ட்கார்டுல, அஞ்சு நிமிஷத்துல, கறுப்பு வெள்ளையில பட்டையை மட்டும் பிடிச்சுக்குங்க.

மண்டபம் நடுத்தீவுல நிக்குது, சுத்தி மதில் இருக்கு. திருநகர் தூரிகை சொன்ன கணக்கு இங்கதான் வேலை செய்யும். மதிலோட பிரதிபலிப்பு முழுசா வரும், நடு விமானத்துக்கு உச்சி மட்டும் வரும். குளத்துல தண்ணி எவ்வளவு நிக்குதோ அதைப் பொறுத்து எத்தனை படி தெரியும்னு மாறும். அதனால குறிப்பு எடுத்த அன்னைக்கே தெரியற படிகளை எண்ணி அட்டையோட ஓரத்துல எழுதி வெச்சுடுங்க.

நீலமணி

கேன்வாஸ் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஐப்பசி மழையில துணி தளர்ந்து தொப்பை போடும். பின்பக்கச் சட்டத்து மூலையில இருக்கற மர ஆப்பை லேசாத் தட்டினா இறுகும். சுவர்ல ஒட்டிச் சாய்க்காம ரெண்டு இன்ச் தள்ளி வைங்க, இல்லைன்னா பின்னாடி பூஞ்சை பிடிக்கும். காய்ற வரைக்கும் இருட்டு அறையிலயும் பூட்டாதீங்க. லின்சீட் இருட்டுல மஞ்சளடிக்கும், நேர் வெயில் படாத ஜன்னல் வெளிச்சம்தான் அதுக்குத் தோது.